எல்லிஸ் பார்க்கில் அழுத ஒன்பதாம் நம்பர்

2010 ஜூன் 15, ஜொகன்னஸ்பர்க். எல்லிஸ் பார்க் மைதானத்தில் மூச்சு விட்டால் புகையாகத் தெரிகிற குளிர். இந்தியாவில் அப்போது நள்ளிரவு 12 மணி. உலகக் கோப்பையில் தங்கள் முதல் ஆட்டத்துக்காக பிரேசிலும் வடகொரியாவும் வரிசை கட்டி நிற்கின்றன. வடகொரியாவின் தேசிய கீதம் தொடங்குகிறது. கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்து வருகிறது. எல்லாம் இறுகிய முகங்கள், நேர்ப்பார்வை. ஒன்பதாம் நம்பர் சட்டைக்காரரிடம் வந்ததும் கதை மாறுகிறது. ஒட்ட வெட்டிய தலை, அகன்ற தோள், நல்ல வாட்டசாட்டமான ஆள். முகம் கோணி, கன்னம் நனைய, சின்னப் பையனைப் போல் அழுதுகொண்டிருக்கிறார்.

அந்தச் சில நொடிக் காட்சி மறுநாள் உலகம் முழுக்கச் சுற்றியது. தேசபக்தி என்றால் இதுதான் என்று சிலர் சிலாகித்தார்கள். சர்வாதிகார நாட்டின் அச்சம் அது என்று வேறு சிலர் ஊகித்தார்கள். அப்புறம்தான் அவரைப் பற்றிய விவரம் பலருக்கும் தெரிய வந்தது. பெயர் ஜோங் டே-சே. பிறந்தது 1984 மார்ச் 2 அன்று, ஜப்பானின் நகோயா நகரில். வளர்ந்தது, படித்தது, சம்பாதித்தது எல்லாமே ஜப்பானில். பிறப்பால் வந்த குடியுரிமை தென்கொரியாவுடையது. போட்டிருந்த சட்டை வடகொரியாவுடையது.

ஏன் அழுதீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. உலகக் கோப்பைக்கு வந்துவிட்டோம், அதுவும் பிரேசிலை எதிர்த்து ஆடப்போகிறோம் என்ற நினைப்பில் மனசு பொங்கிவிட்டது என்றார். ஒரு விளையாட்டுக்காரருக்கு அது போதுமான காரணம்தான். ஆனால், ஜப்பானில் பிறந்த ஒருவர் தென்கொரியக் குடியுரிமையோடு வடகொரியக் கொடிக்குக் கீழே எப்படி வந்து நின்றார் என்பதற்கு அந்தப் பதில் போதாது. பலர் அதற்கான விளக்கத்தை வடகொரியத் தலைநகர் பியாங்யாங்கின் அரசியலில் தேடினார்கள். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் தேடினால்தான் அது கிடைக்கும் என்பது என் எண்ணம்.

1910-இல் கொரியத் தீபகற்பத்தை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதன்பின் 35 ஆண்டுகளில் நிலம் இழந்தவர்களும் பிழைப்புத் தேடியவர்களும் கடல் தாண்டி ஜப்பானுக்கு வந்தார்கள். போர்க்காலத்தில் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் ஆட்களைக் கட்டாயமாகவும் கொண்டுவந்தார்கள். 1945-இல் ஜப்பான் தோற்றபோது அங்கே சுமார் 20 லட்சம் கொரியர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். திரும்பிப் போக நிலமோ வீடோ இல்லாதவர்கள், ஊரில் நடந்த கலவரங்களுக்கும் பஞ்சத்துக்கும் பயந்தவர்கள் என்று ஏறக்குறைய 6 லட்சம் பேர் தங்கிவிட்டார்கள். இவர்களும் இவர்களுடைய வாரிசுகளும்தான் 'ஜைனிச்சி' கொரியர்கள். அந்தச் சொல்லுக்கு 'ஜப்பானில் இருப்பவர்' என்றுதான் பொருள். தலைமுறை மூன்று, நான்கு ஆன பிறகும் 'இருப்பவர்' என்றே பெயர்.

ஜப்பானில் குடியுரிமை இரத்த வழியில் வருவது. அங்கே பிறந்துவிட்டால் மட்டும் யாரும் ஜப்பானியர் ஆகிவிட முடியாது. பேரரசு இருந்தவரை கொரியர்கள் சட்டப்படி ஜப்பானியப் பிரஜைகள்தான். 1947-இல் வந்த அயலார் பதிவு ஆணை அவர்களை அயலாராகக் கருதிப் பதிவு செய்யச் சொன்னது. நாடு என்ற இடத்தில் 'சோசென்' என்று எழுதினார்கள். பழைய கொரிய அரசின் பெயரை ஜப்பானியத்தில் உச்சரிப்பது அப்படி. வடகொரியாவும் தென்கொரியாவும் அப்போது இன்னும் பிறக்கவே இல்லை. 1952-இல், ஜப்பானோடு போரை முறைப்படி முடித்துவைத்த சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும் மிச்சமிருந்த ஜப்பானியக் குடியுரிமையும் போயிற்று. 1965-இல் ஜப்பானும் தென்கொரியாவும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, தென்கொரியக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமை கிடைத்தது. பலர் மாறினார்கள், சிலர் மாறவில்லை. மாறாதவர்களின் அட்டையில் இன்றும் 'சோசென்' என்றே இருக்கிறது. அது வடகொரியக் குடியுரிமையைக் குறிப்பதல்ல. வடகொரியாவை ஜப்பான் ஒரு நாடாகவே அங்கீகரிக்கவில்லை. அந்தச் சொல் இன்று இல்லாத ஒரு நாட்டின் பெயர்.

ஜோங்கின் வீட்டிலேயே இந்தப் பிளவு இருந்தது. அப்பா தென்கொரியக் குடியுரிமை உள்ளவர். அம்மா 'சோசென்'. அந்தக் காலச் சட்டப்படி குழந்தைக்கு அப்பாவின் வழி. ஆகவே பையன் பிறக்கும்போதே தென்கொரியன். ஆனால் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கேள்வியில் அம்மாவின் பக்கம் வென்றது. ஐச்சி மாகாணத்தில் உள்ள கொரியப் பள்ளியில் சேர்ந்தான்.

1945 முடிந்த கையோடு, ஊர் திரும்பும் எண்ணத்தில் இருந்த கொரியர்கள் பிள்ளைகளுக்குத் தாய்மொழி சொல்லிக்கொடுக்க ஆங்காங்கே சின்னச் சின்ன வகுப்புகளைத் தொடங்கினார்கள். அவைதான் பிறகு பள்ளிகளாக வளர்ந்தன. 1955-இல் 'சோங்ரியோன்' என்ற சங்கம் உருவானது. வடகொரியாவின் பக்கம் நின்ற அந்தச் சங்கத்தின் குடைக்குக் கீழ் இந்தப் பள்ளிகள் வந்தன. 1957-இலிருந்து வடகொரியா கல்விக்கென்று பணம் அனுப்பத் தொடங்கியது. போரில் தரைமட்டமாகி, தானே எழுந்து நிற்கத் தடுமாறிய நாடு அது. தென்கொரியா அந்த ஆண்டுகளில் இவர்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஜப்பானில் தங்கிய கொரியர்களின் பூர்வீகம் பெரும்பாலும் தீபகற்பத்தின் தென்பகுதிதான். கியோங்சாங்கும் ஜேஜு தீவும்தான் அவர்களுடைய சொந்த மண். ஆனாலும் பிள்ளைகளின் படிப்புக்குக் கை கொடுத்தது வடக்கு. எந்த ஊரில் பிறந்தோம் என்பதை விட, நம் பிள்ளைக்கு யார் எழுத்தறிவித்தார்கள் என்பது ஒரு குடும்பத்தின் மனசில் ஆழமாக நிற்கும். வடகொரிய அரசு தன் சொந்த மக்களை நடத்திய விதம் கொடுமையானது. அதை ஒருவர் முழுமையாக அறிந்திருந்தாலும், ஐம்பதுகளில் வந்த அந்தப் பணத்தின் நன்றியை மறப்பது எளிதாக இருந்திருக்காது. ஜோங்கின் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

1959-இல், ஜப்பானின் நீகாதா துறைமுகத்திலிருந்து வடகொரியாவுக்குக் கப்பல்கள் கிளம்பின. 'தாயகம் திரும்புதல்' என்ற பெயரில் 1984 வரை சுமார் 93,000 பேர் போனார்கள். சொர்க்கம் என்று நம்பிப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவே முடியவில்லை. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் ஏராளம். ஜைனிச்சி ஒருவர் வடகொரியாவைப் பற்றிப் பேசும்போது வார்த்தையை அளந்து பேசுவதற்கு இப்படி அங்கே மாட்டிக்கொண்ட உறவுகளும் ஒரு காரணம்.

பள்ளிக்குள் எல்லாம் கொரிய மொழியில் நடக்கும். வெளியே வந்தால் ஜப்பான். பெண் பிள்ளைகள் கொரியப் பாரம்பரிய உடையைச் சீருடையாக அணிவார்கள். 2002 செப்டம்பரில், ஜப்பானியக் குடிமக்களைக் கடத்தியது உண்மைதான் என்று வடகொரியா ஒப்புக்கொண்டதும் ஜப்பானே கொதித்தது. அந்தக் கோபம் ரயிலில் போகிற பள்ளிப் பிள்ளைகள் மேலும் பாய்ந்தது. ஜோங்குக்கு அப்போது வயது 18.

இந்தப் பள்ளிகளில் கால்பந்து ஒரு மதம் மாதிரி. செலவு குறைந்த ஆட்டம், ஒரு பந்தும் ஒரு மைதானமும் போதும் என்பது ஒரு காரணம். 1966-இல் இங்கிலாந்து உலகக் கோப்பையில் பாக் டூ-இக் அடித்த ஒரே கோலில் வடகொரியா இத்தாலியை வீட்டுக்கு அனுப்பியது இன்னொரு காரணம். அந்தச் செய்தி ஜப்பானின் கொரியக் குடியிருப்புகளில் எப்படி இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக 3–0 என்று முன்னிலை பெற்று, பிறகு யுசேபியோவின் நான்கு கோல்களால் 5–3 என்று தோற்றது. அந்தத் தோல்வியையும் அவர்கள் பெருமையாகவே சொல்லி வளர்த்தார்கள்.

ஆனால் ஜப்பானிய அரசின் கணக்கில் கொரியப் பள்ளிகள் முறையான பள்ளிகள் அல்ல. தையல் பள்ளி, ஓட்டுநர் பள்ளி போன்றவற்றோடு சேர்த்து 'இதர பள்ளிகள்' என்ற பட்டியலில் வைத்திருந்தார்கள். அதனால் தேசிய அளவிலான உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில் அவர்களுக்கு இடமில்லை. டோக்கியோவின் ஜூஜோ பகுதியில் உள்ள கொரிய உயர்நிலைப் பள்ளி அணி அவ்வளவு பலமானது. தேசியப் பட்டம் வென்ற ஜப்பானிய அணிகளே அங்கே பயிற்சி ஆட்டம் கேட்டு வருவார்கள். அருகிலேயே இருந்த தெய்க்யோ உயர்நிலைப் பள்ளிக்கும் இவர்களுக்கும் நடந்த பயிற்சி ஆட்டங்களை இன்றும் பழைய ஆட்டக்காரர்கள் பேசுவார்கள். பயிற்சியில் சாம்பியனையே வீழ்த்தலாம், போட்டியில் சேர முடியாது. இந்தத் தடை 1990-களின் நடுவில்தான் விலகியது. ஜோங் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபோது கதவு திறந்து சில வருஷங்களே ஆகியிருந்தன.

பள்ளி முடித்ததும் டோக்கியோவின் புறநகரான கொடைராவில் இருக்கும் கொரியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1956-இல் சோங்ரியோன் தொடங்கியது அது. ஜப்பானியச் சட்டப்படி அதுவும் 'இதர பள்ளி'தான். அதன் கால்பந்து அணி ஆடியது பெரிய லீகில் அல்ல. ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்து லீகான ஜே லீகின் கிளப்புகள் பெரிய பல்கலைக்கழக அணிகளிலிருந்தும் தங்கள் சொந்த இளையோர் அணிகளிலிருந்தும்தான் ஆள் எடுப்பார்கள். யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையிலிருந்து 2006-இல் ஒரு ஸ்ட்ரைக்கர் கவாசாகி ஃபுரோந்தாலே கிளப்பில் சேர்ந்தார் என்றால், அந்தக் காலுக்கும் தலைக்கும் எவ்வளவு பலம் இருந்திருக்க வேண்டும்!

ஜே லீக் விதி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கிளப் ஓர் ஆட்டத்தில் இத்தனை வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத்தான் இறக்கலாம் என்று வரம்பு உண்டு. ஜப்பானில் பிறந்து ஜப்பானிலேயே படித்த அயல்குடியுரிமைக்காரர் ஒருவரை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். 'ஜைனிச்சி இடம்' என்று இதைச் சொல்வார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கிளப்புக்கு ஒருவர் மட்டும். ஒரே அணியில் இரண்டு ஜைனிச்சிகள் ஆட வேண்டுமென்றால், இரண்டாமவர் ஒரு பிரேசில்காரரின் இடத்தைப் பறிக்கும் அளவுக்குத் திறமைசாலியாக இருக்க வேண்டும். பல இளைஞர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழையும் வயதில் ஜப்பானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

கவாசாகி அவருக்குப் பொருந்திய ஊர். அதன் கடலோரத்தில், எஃகு ஆலைகளின் நிழலில், சகுராமோதோ என்ற பழைய கொரியக் குடியிருப்பு இருக்கிறது. 2007, 2008, 2009 மூன்று ஆண்டுகளிலும் லீகில் இரட்டை இலக்கத்தில் கோல் அடித்தார். பிரேசில்காரர் ஜூனின்யோவுடன் சேர்ந்து அவர் முன்களத்தில் ஓடிய அந்த ஆண்டுகளில் கவாசாகி கோப்பையை நெருங்கி நெருங்கிக் கைவிட்டது. 2008-இலும் 2009-இலும் லீகில் இரண்டாம் இடம். அணியில் இருந்த பிரேசில்காரர்களோடு பழகிப் போர்த்துகீசும் பேசக் கற்றுக்கொண்டார். அவருடைய ஆட்டம் அலங்காரமானதல்ல. முதுகைக் கோலுக்குக் காட்டி நின்று பந்தை வாங்குவார். தோளால் தடுப்பாட்டக்காரரை ஒதுக்குவார். திரும்பியதும் யோசிக்காமல் அடிப்பார். தலைப்பந்தில் எமன். இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் வெய்ன் ரூனியை வைத்து 'மக்களின் ரூனி' என்று பட்டப்பெயர் விழுந்தது.

சரி, தேசிய அணிக்கு எப்படிப் போனார்? ஃபிஃபாவின் விதிப்படி, ஒரு நாட்டுக்கு ஆட அந்த நாட்டின் குடியுரிமை வேண்டும். ஜோங்கின் கையில் இருந்தது தென்கொரியக் குடியுரிமை. அதைத் துறக்க முயன்றார். அங்கேதான் சட்டச் சிக்கல் வந்தது. தென்கொரிய அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு, தீபகற்பம் முழுவதும் தன் நிலம் என்கிறது. அந்தப் பார்வையில் வடகொரியா வேறொரு நாடே இல்லை. இல்லாத நாட்டின் குடிமகனாவதற்காக ஒருவர் எப்படிக் குடியுரிமையைத் துறக்க முடியும்? கோரிக்கை ஏற்கப்படவில்லை. கடைசியில் சோங்ரியோனின் உதவியோடு வடகொரியப் பாஸ்போர்ட் கிடைத்தது. ஃபிஃபாவும் அதை ஏற்றுக்கொண்டது. தென்கொரியக் குடியுரிமை அப்படியே இருக்க, வடகொரிய பாஸ்போர்ட்டோடு அவர் ஆடினார். ஜப்பானில் வசிக்கும் உரிமையும் போகவில்லை. இந்த மூன்றும் ஒன்றையொன்று முட்டாமல் ஒரே ஆளிடம் இருக்க முடிந்தது கால்பந்தின் வாசலில் மட்டும்தான்.

இந்த வழியில் நடந்த முதல் ஆள் ஜோங் இல்லை. ஓகாயாமா மாகாணத்தில் பிறந்த நடுக்கள ஆட்டக்காரர் ஆன் யோங்-ஹாக்கும், ரி ஹான்-ஜேயும் அவருக்கு முன்பே வடகொரியாவுக்கு ஆடியவர்கள். 2005 பிப்ரவரியில் சைதாமாவில் நடந்த தகுதிச் சுற்று ஆட்டத்தில் வடகொரியா ஜப்பானிடம் கடைசி நேர கோலில் 2–1 என்று தோற்றது. தாங்கள் பிறந்து வளர்ந்த நாட்டுக்கு எதிராக, அந்த நாட்டு மைதானத்திலேயே ஆடிய ஆட்டம் அது. ஜோங் அப்போது கல்லூரி மாணவர்.

அவர் அணிக்கு வந்ததும் கோல் மழை. 2007-இல் சீனாவின் மக்காவ் நகரில் நடந்த கிழக்காசியத் தகுதிச் சுற்றில் மட்டும் 8 கோல். எதிராளிகள் மங்கோலியாவும் மக்காவ் அணியும்தானே என்று ஒதுக்கியவர்களுக்கு 2008 பிப்ரவரியில் பதில் வந்தது. சீனாவின் சோங்சிங்கில் ஜப்பானுக்கு எதிராக ஒரு கோல், மூன்று நாள் கழித்து தென்கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். இரண்டு ஆட்டமும் 1–1. தான் பிறந்த நாடு, தன் குடியுரிமை இருக்கும் நாடு, இரண்டுக்கும் எதிராக ஒரே வாரத்தில் அடித்துவிட்டார்.

அதே ஆண்டு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வடக்கும் தெற்கும் ஒரே குழுவில் வந்தன. பியாங்யாங்கில் ஆட்டம் என்றால் அங்கே தென்கொரியக் கொடி ஏற வேண்டும், கீதம் ஒலிக்க வேண்டும். வடகொரியா மறுத்தது. ஆட்டம் ஷாங்காய்க்கு மாறியது. இரு நாட்டுக் கீதங்களுக்கும் பெயர் ஒன்றுதான். 'நாட்டை நேசிக்கும் பாட்டு' என்று பொருள். பெயர் ஒன்று, பாட்டு வேறு. 2009 ஏப்ரலில் சியோலில் நடந்த ஆட்டத்தில் ஜோங் தலையால் முட்டிய பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று பெரிய சர்ச்சை. கோல் கிடைக்கவில்லை, தெற்கு 1–0 என்று வென்றது. 2009 ஜூனில் ரியாத்தில் சவூதி அரேபியாவோடு 0–0 என்று சமன் செய்து, 44 ஆண்டுகளுக்குப் பிறகு வடகொரியா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தெற்கும் சேர்ந்தே போனது.

இனி எல்லிஸ் பார்க்குக்குத் திரும்பலாம். ஃபிஃபா தரவரிசையில் பிரேசில் 1, வடகொரியா 105. முதல் பாதி 0–0. ஐந்து பேர் பின்னால் நிற்க, முன்னால் ஜோங் தனியாளாகப் பிரேசில் தடுப்பாட்டக்காரர்களோடு மல்லுக்கட்டினார். மைகோனும் எலானோவும் கோல் அடித்து 2–0 ஆயிற்று. 89-ஆம் நிமிடத்தில் பின்னாலிருந்து ஒரு நீண்ட பந்து பறந்து வந்தது. ஜோங் எழும்பித் தலையால் அதை இறக்கி வைத்தார். ஓடி வந்த ஜி யுன்-நாம் உள்ளே புகுந்து வலைக்குள் அடித்தார். 2–1. அழுத மனிதர் கடைசியில் ஒரு கோலுக்கு வழி செய்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அழுகையை ஆயிரம் முறை ஒளிபரப்பிய சேனல்கள் அந்தத் தலைப்பந்தை அவ்வளவு காட்டவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான். அடுத்த ஆட்டத்தில் போர்ச்சுகலிடம் 7–0. மூன்றாவதில் ஐவரி கோஸ்ட்டிடம் 3–0. ஜோங்குக்கு அந்த உலகக் கோப்பையில் கோல் இல்லை.

அந்த 2010-இலேயே ஜப்பானில் இன்னொன்று நடந்தது. உயர்நிலைப் பள்ளிக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் ஏப்ரலில் தொடங்கியது. வெளிநாட்டவர் நடத்தும் பள்ளிகள் பலவற்றுக்கும் அது கிடைத்தது. கொரியப் பள்ளிகளின் விண்ணப்பத்தை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். 2013-இல் விதியையே மாற்றி அவற்றை முழுதாக விலக்கினார்கள். இந்தப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் இருவர் பிரேசிலை எதிர்த்து ஆடுவதை உலகமே பார்த்த ஆண்டில், அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்கள் கட்டணத்துக்காகத் தெருவில் நின்று துண்டறிக்கை கொடுத்தார்கள்.

உலகக் கோப்பை முடிந்ததும் ஜெர்மனி. இரண்டாம் பிரிவில் இருந்த 'போஹும்' (Bochum) என்ற கிளப்பில் முதல் சீசனிலேயே 10 கோல் அடித்தார். கிளப் மூன்றாம் இடம் பிடித்து, மேலே ஏறுவதற்கான ஆட்டத்தில் மொன்ஷன்கிளாட்பாக்கிடம் தோற்றது. 2012 ஜனவரியில் கொலோனுக்கு மாறினார். அங்கே அதிகம் ஆட வாய்ப்பு கிடைக்கவில்லை, கிளப்பும் கீழிறங்கியது. ஐரோப்பியக் கனவு அங்கே முடிந்தது. ஒரு வருஷம் முன்னால் இன்னும் நல்ல கிளப் கிடைத்திருந்தால் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

2013 ஜனவரியில் அவர் எடுத்த முடிவுதான் பலரைத் திடுக்கிட வைத்தது. தென்கொரியாவின் சுவோன் புளூவிங்ஸில் சேர்ந்தார். அங்கே அவர் வெளிநாட்டவர் கணக்கில் வரவில்லை. குடியுரிமைப்படி உள்ளூர் ஆள். ஆன் யோங்-ஹாக்கும் அவருக்கு முன் பூசானிலும் இதே சுவோனிலும் ஆடியவர். ஆனால் ஜோங் அளவுக்கு முகம் தெரிந்தவர் இல்லை. அதே ஆண்டு ஒரு வலதுசாரி அமைப்பு, பழைய பேட்டிகளில் வடகொரியத் தலைவராக இருந்த கிம் ஜோங்-இல் என்பவரைப் புகழ்ந்து பேசியதைக் காட்டி, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவர் மேல் புகார் கொடுத்தது. எதிரி நாட்டைப் புகழ்ந்தால் சிறை என்று சொல்கிற சட்டம் அது, 1948-இல் வந்தது. பின்னர் அரசு வழக்கறிஞர்கள் வழக்குத் தொடர முகாந்திரமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் விசாரணை, இன்னொரு பக்கம் களத்தில் கோல். முதல் சீசனில் லீகில் 10 கோல் அடித்தார். சுவோன் ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிப் பாடினார்கள். தென்கொரியப் பெண்ணை மணந்து அங்கேயே குடும்பம் ஆனார்.

2015-இல் ஜப்பானுக்குத் திரும்பினார், ஷிமிசு எஸ்-பல்ஸ் கிளப்புக்கு. ஜே லீகின் தொடக்கக் கிளப்புகளில் ஒன்றான ஷிமிசு அந்த ஆண்டு வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. வயது 31 தாண்டிய ஸ்ட்ரைக்கர் கிளம்பிப் போயிருக்கலாம். இருந்தார். 2016-இல் இரண்டாம் பிரிவில் 26 கோல். அந்த ஆண்டின் அதிக கோல் அடித்தவர் அவர்தான். ஷிமிசு ஒரே வருஷத்தில் மேலே வந்தது. உலகக் கோப்பை, ஜெர்மனி எல்லாவற்றையும் விட இந்த ஒரு சீசன்தான் அவருடைய கால்பந்து வாழ்க்கையின் சிகரம் என்று நான் சொல்வேன். 2020-இல் சில மாதம் நீகாதாவுக்கு ஆடினார். தன் இனத்தாரை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் கிளம்பிய அதே ஊர். கடைசி இரண்டு ஆண்டுகள் மச்சிதா செல்வியாவில். 2022 சீசனோடு விளையாட்டை நிறுத்தினார்.

இவரைப் பற்றிப் பேசும்போது லீ தாதாநாரியை விட்டுவிடக் கூடாது. 1985-இல் டோக்கியோவில் பிறந்த ஜைனிச்சி, எஃப்.சி. டோக்கியோவின் இளையோர் அணியில் வளர்ந்தவர். 2004-இல் தென்கொரியாவின் 19 வயதுக்கு உட்பட்டோர் முகாமுக்கு ஆசையோடு போனார். அங்கே அவரை 'அரை ஜப்பான்காரன்' என்ற வசைச் சொல்லால் அழைத்தார்கள். திரும்பி வந்து, 2007-இல் ஜப்பானியக் குடியுரிமை எடுத்தார். பலர் குடியுரிமை மாறும்போது ஜப்பானியப் பெயருக்கும் மாறிவிடுவார்கள். அவர் 'லீ' என்ற குடும்பப் பெயரைக் கொரிய உச்சரிப்பிலேயே வைத்துக்கொண்டார். பின்னால் வரும் 'தாதாநாரி' ஜப்பானிய உச்சரிப்பு. 2011 ஜனவரி 29, தோகாவில் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே ஆஸ்திரேலியா. கூடுதல் நேரத்தில் நாகாதோமோ இடப்பக்கத்திலிருந்து கொடுத்த பந்தை, தன்னந்தனியாக நின்றிருந்த லீ தரையில் விடாமல் இடது காலால் அடித்தார். ஜப்பானுக்குக் கோப்பை. சட்டையின் முதுகில் கொரியக் குடும்பப் பெயர்.

அவர் உராவா ரெட்ஸில் சேர்ந்த 2014-இல், அந்தக் கிளப்பின் மைதானத்தில் 'ஜப்பானியர்களுக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதிய பதாகை தொங்கியது. தண்டனையாக உராவா ஒரு ஆட்டத்தை ரசிகர்களே இல்லாத காலி மைதானத்தில் ஆட வேண்டியிருந்தது. ஜே லீகில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. ஜப்பான் சட்டையைப் போட்டு ஆசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் இருந்த கிளப்பிலேயே அப்படி ஒரு பதாகை. ஜோங்கின் வழி சரியா, லீயின் வழி சரியா என்று ஜைனிச்சி குடும்பங்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. இருவரும் தங்களுக்குக் கிடைத்த பதினெட்டு வயது அனுபவத்தை வைத்து நேர்மையாக முடிவெடுத்தார்கள் என்றே எனக்குப் படுகிறது. ஒருவருக்குப் பள்ளி கை கொடுத்தது, இன்னொருவரை முகாம் தள்ளிவிட்டது.

ஆன் யோங்-ஹாக் மூன்றாவதாக ஒரு வழியைப் பிடித்தார். எல்லிஸ் பார்க்கில் ஜோங்குடன் அதே வரிசையில் நின்ற 17-ஆம் நம்பர் அவர். ஃபிஃபாவில் இடமில்லாத இனங்களுக்கும் பகுதிகளுக்கும் கோனிஃபா என்ற அமைப்பு உலகக் கோப்பை நடத்துகிறது. 2018-இல் லண்டனில் நடந்த அந்தப் போட்டிக்கு, ஜப்பான்வாழ் கொரியர்களின் ஐக்கிய அணியைத் திரட்டிக் கொண்டுபோனார். வடகொரியா, தென்கொரியா என்று எந்தப் பாஸ்போர்ட் இருந்தாலும், 'சோசென்' என்று அட்டையில் எழுதியிருந்தாலும், ஜப்பானியக் குடியுரிமை எடுத்திருந்தாலும் அந்த அணியில் இடம் உண்டு. பயிற்சியாளரும் அவரே, களத்தில் இறங்கி ஆடியவரும் அவரே. அப்போது அவருக்கு வயது 39. அந்தப் போட்டிக்கு வந்த 16 அணிகளில் தமிழீழ அணியும் ஒன்று. வேறு குழுவில் ஆடியது.